கிளம்புகிறவளைக் கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் செருப்புத் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஐந்து ஜோடி இருக்க வேண்டும். என்னுடையவை இரண்டு, என் மனைவியுடையவை மூன்று. அன்று மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தபோது நான்குதான் இருந்தன. இல்லாதது அவள் வெளியே போட்டுக்கொண்டு போகும் பழுப்புச் செருப்பு.

வீட்டுக்குள் தேடினேன். அறைகள், குளியலறை, துணி காயும் பால்கனி. ஐந்து கிளிப்புகள் மாட்டிய ஒரு புடவை தவிர அவள் எங்கும் இல்லை. திரும்பி வந்து தட்டை மறுபடி எண்ணினேன். நான்குதான். அவள் எங்கே போனாள், எப்போது போனாள் என்பதெல்லாம் தெரியாது. திரும்பி வரமாட்டாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனதுபோல அவ்வளவு நிச்சயம்.

அவளைத் தேடிக் கிளம்பினேன். எந்தப் பேருந்தில் ஏறினேன், ஏன் ஏறினேன் என்பது நினைவில்லை. அம்பத்தூரில் இருக்க வேண்டியவன் குமணன்சாவடி சந்திப்பில் நின்றுகொண்டிருந்தேன். பெங்களூர் பக்கம் போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டினார்.

"இன்னா பெர்சு, அப்பலேர்ந்து இங்கியே நின்னுகினு கீற? யாருக்கு வெயிட்டிங்கு?"

"வீட்டுக்காரியைத் தேடுறேன்."

"எங்க போச்சு அது?"

"தெரியல."

"சண்டையா?"

"இல்ல."

"அப்ப வந்துரும் வுடு. சண்ட போட்டுகினு போனாத்தான் லேட்டாவும். ஊடு எங்க, அத்தச் சொல்லு."

வீட்டு முகவரியும் வாய்க்கு வரவில்லை. சட்டைப் பையில் என் மகள் வைத்திருந்த அட்டையை அவரே எடுத்துப் பார்த்து, அவளுக்குப் போன் செய்து, என்னைக் கொண்டுவந்து சேர்த்தார்.

என் மனைவி தையற்காரரிடம் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். உடனே திரும்பியும் விட்டாள். என்னைக் காணாமல் தெருத்தெருவாக அலைந்திருக்கிறாள், தேய்ந்துபோன அந்த வலது முழங்காலோடு. நான் வந்து இறங்கியபோது கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். முட்டி பந்துபோல வீங்கியிருந்தது. என்னைத் திட்டவில்லை. அவள் திட்டாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த முட்டிக்கு அறுவை செய்து மூட்டை மாற்ற வேண்டும் என்று எலும்பு மருத்துவர் சொல்லி நாளாகியிருந்தது. இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் ரத்து செய்தாயிற்று. காரணம் நான்தான். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவள் தையற்கடைக்குப் போனதற்கே குமணன்சாவடி வரை போனவன் ஐந்து நாளைக்கு எங்கே போய் நிற்பேன்? இதற்கு மேல் தள்ளினால் கால் வளைந்தபடியே நின்றுவிடும், பிறகு அறுவை செய்தும் நடை முழுதாகத் திரும்பாது என்று மருத்துவர் என் மகளிடம் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆக, என் பயம் குறைந்தால் அவள் நடப்பாள். குறையாவிட்டால் நடக்கமாட்டாள். கணக்கு அவ்வளவு சுருக்கமாக இருந்தது.

நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவன். செய்து வரும் உதிரிப்பாகங்களை அளந்து, எண்ணி, நல்லதை ஒரு பெட்டியிலும் கெட்டதை இன்னொரு பெட்டியிலும் போடுவது என் வேலை. எண்ணும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் என்னோடு வந்துவிட்டது. டிமென்ஷியா என்ற மறதி நோயின் தொடக்கம் என்று நரம்பு மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அது அதிகமானது. எண்ணிக்கை சரியாக இருந்தால் இன்னும் நான் சரியாக இருக்கிறேன் என்று பொருள் என நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட இடையில் விட்டுப்போனதை என் மனைவி சொல்லி நிரப்பினாள். சில இடங்களில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. அங்கெல்லாம் அவள் சொன்னதைத்தான் வைத்திருக்கிறேன்.

நரம்பு மருத்துவர்தான் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசச் சொன்னார். அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவர் அறை. நாகர்கோவில் பக்கத்துப் பெண், என் மகள் வயதிருக்கும். எதிரே மேசை போட்டு உட்காராமல் நாற்காலியை இழுத்துப்போட்டு முழங்காலுக்கு முழங்கால் எதிராக உட்கார்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"பேசினா மறதி போயிடுமா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"போகாது சார்."

"அப்ப எதுக்கு வரணும்?"

"உங்கள ரொம்பக் கஷ்டப்படுத்தறது எது சார், மறதியா, பயமா?"

யோசித்துப் பார்த்தேன். மறந்த பொருள் மறந்தே போய்விடுகிறது, அது இல்லை என்பதே தெரிவதில்லை. பயம் அப்படியில்லை, அது எதையும் மறப்பதில்லை. "பயம்தான்" என்றேன்.

"மறதிக்கு டாக்டர் இருக்கார். நான் பயத்துக்கு."

ஒவ்வொரு முறையும் போன தடவை என்ன பேசினோம் என்பதை அவரே முதலில் சொல்லிவிடுவார். என்னைக் கேட்டுச் சோதிக்கமாட்டார். அரை மணிக்கு மேல் இழுக்கமாட்டார். கடைசியில் சிறிது நேரம் என் மனைவியையும் உள்ளே கூப்பிடுவார். மாடிப்படி ஏற அவளுக்குப் படும் பாடு எனக்குக் கேட்கும். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறுவாள்.

மூன்றாவது தடவையோ நான்காவதோ, அவர் கேட்டார். "பயம் வர்றதுக்கு முன்னாடி சரியா என்ன நடக்குது சார்? மெதுவா, ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"கதவு சாத்தற சத்தம். இல்லன்னா செருப்பு இருக்காது."

"அம்மா கிளம்பறத நீங்க பார்க்கறப்ப?"

"பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"எங்க போறாங்கன்னு கேட்பீங்களா?"

நான் அவரை முறைத்தேன் என்று நினைக்கிறேன். "வெளியே கிளம்பறவங்களைப் போய் எங்கேன்னு கேட்பாங்களா? போற காரியம் என்னாகும்?"

அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுலயும் கேட்கக் கூடாது சார். எங்கப்பா 'தூரமா?'ன்னு மட்டும்தான் கேட்பார்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப எப்பவுமே கேட்டதில்லையா?" என்றார்.

கேட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும் கேட்டதில்லை, அவளும் என்னைக் கேட்டதில்லை. தேவையும் இருந்ததில்லை. யார் எங்கே போவது என்பதை முந்தின இரவு சாப்பிடும்போதே பேசி வைத்துவிடுவோம். காலையில் செருப்பை மாட்டும்போது 'வரேன்' என்றால் 'சரி' என்போம். கேள்வி வேண்டாத அளவுக்கு எங்களுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது இரவில் அவள் சொல்வது காலையில் என்னிடம் இல்லை. அவள் கிளம்புவதைப் பார்க்கிறேன். தெரியவில்லை, கேட்கவும் கூடாது. வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். கதவு சாத்துகிறது.

அதை அவரிடம் சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கே விளங்கியது. என் மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"நான் சொல்லாம போறேன்னு சொல்றாரா?" என்றாள் அவள், உட்காருவதற்கு முன்பே. "ராத்திரி சொல்றேன், தலையத் தலைய ஆட்டறாரு. காலைல சொன்னா அப்ப ஆரம்பிச்சு நான் போறவரைக்கும் பின்னாடியே வந்து நிக்கறாரு. அதான் இப்பல்லாம் அவரு தூங்கறப்ப போயிட்டு வந்துடறேன். முழிக்கறதுக்குள்ள வந்துட்டா ஒண்ணும் தெரியாதுல்ல."

"முழிச்சுட்டா?" என்றார் ஆலோசகர்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றாள்.

"ரெண்டு பேருமே நல்லதுன்னுதான் செஞ்சீங்க அம்மா. இனி அவர் முழிச்சிருக்கறப்பவே, முகத்தப் பார்த்து, இன்ன இடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போங்க. மறந்துட்டார்னா அவர் கேட்கட்டும்."

"எங்கேன்னா?" அவள் குரல் மாறிவிட்டது. "கடைக்குப் போறப்ப கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். பழகிட்டு ஆபரேஷனுக்குப் போற அன்னைக்கும் வாசல்ல நின்னு கேட்பாரு. கத்தி வைக்கற காரியத்துக்குப் போறவளப் பார்த்து அப்படிக் கேட்டா நான் திரும்பி வருவேனா?"

நான் ஆலோசகரைப் பார்த்தேன். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் என் மனைவி மறுமுறை அந்தப் படியேறியிருக்கமாட்டாள். அவர், "உங்களுக்கும் பயமா இருக்கா அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கென்ன பயம். இவரு ஒருத்தரு பயப்படறது போதாதா? நாப்பது வருஷமா நட்டு போல்ட்டு எண்ணினவரு, இப்ப என்னையே ஒண்ணு, ஒண்ணுன்னு எண்ணிக்கிட்டிருக்காரு."

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. செருப்புப் போடும் முன்பு, வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே அவள் சொல்வாள். வாசலில் எனக்கு மறந்துவிட்டால் நான் 'எங்கே' என்று கேட்கக் கூடாது. 'இன்னொரு தரம் சொல்லு' என்று கேட்கலாம். எத்தனை தரம் கேட்டாலும் அலுக்காமல் சொல்ல வேண்டும். அவள் சொல்லிக் கிளம்பியதும், அவள் வரமாட்டாள் என்று பத்துக்கு எவ்வளவு நம்புகிறேன் என்று நான் மகளிடம் போனில் சொல்ல வேண்டும். அவள் வந்த பிறகு மறுபடியும் சொல்ல வேண்டும். பத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. என்னால் செய்ய முடிந்த வேலை.

முதலில் எட்டு என்றேன். கீழ்த்தளத்து மளிகைக் கடைக்குத்தான் அவள் போயிருந்தாள். பிறகு ஏழு, மறுபடி எட்டு, ஒரு நாள் ஐந்து.

ஒரு நாள் வங்கிக்குப் போனவள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. மழைநீர் வடிகாலுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், வண்டிகள் அசையவில்லை. அது எனக்குத் தெரியாது. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் சட்டையை மாட்டிவிட்டேன். கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். ஆலோசகர் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு, பயம் சொல்வதை அப்படியே ஏற்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. 'அவள் வரமாட்டாள்' என்று சொல்லக் கூடாது. 'அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது' என்று சொல்ல வேண்டும். கதவைப் பார்த்து அதைச் சொன்னேன். வெற்றுக்காலில் தரை சில்லென்று இருப்பதைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். கவனித்தேன். பயம் போகவில்லை. பனியன் நனைந்தது. ஆனால் கதவைத் திறக்கவில்லை. அவள் வந்து கதவைத் திறந்தபோது நான் அப்படியே நின்றிருந்தேன். கதவு என் மேல் இடித்தது.

"எவ்வளவு நேரமா இங்கயே நிக்கறீங்க?"

"தெரியல. எண்ணல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மறுநாள் மூன்றாவது தடவையாக அறுவைக்குத் தேதி வாங்கினாள்.

ஆஸ்பத்திரியில் சேரும் நாளின் முந்தின இரவு சொன்னாள். காலையில் காபி கொடுக்கும்போது சொன்னாள். குளித்துவிட்டு வந்து சொன்னாள். இன்று சேர்த்துக்கொள்வார்கள், நாளைக்கு ஆபரேஷன், ஐந்தாம் நாள் வீடு. நான் திரும்பத் திரும்ப 'இன்னொரு தரம் சொல்லு' என்றேன், அவளும் சொன்னாள். திருநின்றவூரிலிருந்து அவளுடைய தம்பி வந்திருந்தார். என்னோடு தங்க அவர், ஆஸ்பத்திரியில் தங்க என் மகள். கீழே வண்டி வந்து நின்றது. எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

மைத்துனர் அறையிலிருந்து ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பையை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சொல்லிவிட்டுப் போகப் பழகிய நாளெல்லாம் அவள் துணிப்பையோடுதான் போய் வந்திருந்தாள். இது ஊருக்குப் போகும் பை, ஜிப் வைத்தது, நிறையத் துணி அடைத்திருந்தது. அவ்வளவு துணி எடுத்துக்கொண்டு போகிறவள் கடைக்குப் போகிறவள் இல்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்து, வலது காலை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே போறே?" என்றேன்.

"அப்பா!" என்றாள் மகள்.

"என்ன அத்தான் இது, அத்தனை தடவை சொல்லியாச்சே..." என்று மைத்துனர் பையைத் தரையில் வைத்தார்.

என் மனைவி திரும்பவில்லை. நிலையைப் பிடித்த கை அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக உள்ளே வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு வேணாம்" என்றாள் மகளைப் பார்த்து. "போன் பண்ணிச் சொல்லிடு."

"அம்மா, மூணாவது தடவைம்மா. அப்புறம் நடக்கவே முடியாதும்மா."

"வேணாம்னா விடேன்."

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மகள் அழ ஆரம்பித்தாள். என்ன கெடுத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் எல்லாம் ஞாபகம் வந்தது, வர வேண்டியதற்கு ஒரு நிமிஷம் பிந்தி. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவன், அவள் காலைப் பார்த்தேன். வீட்டுக்குள் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன ஆகும்னு பயப்படறே?"

"ஒண்ணுமில்ல. எழுந்திருங்க."

"பத்துக்கு எவ்வளவு?"

"இந்த விளையாட்டெல்லாம் எங்கிட்ட வேணாம்."

நான் எழுந்திருக்கவில்லை. அந்த ஆலோசகர் பெண் எனக்காகக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தேன். காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பத்துக்குப் பத்து" என்றாள் கடைசியில். "கத்திக்கில்ல. மயக்கத்துக்கும் இல்ல. அஞ்சு நாள் கழிச்சு நான் வந்து இங்க நிக்கறப்ப, நீங்க என்னப் பார்த்து யாருன்னு கேட்டுட்டா?"

மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். மைத்துனர் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

"அஞ்சு நாள்ல ஆகாது" என்றேன். "அது அவ்வளவு சீக்கிரம் வராதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அப்புறம் ஒரு நாள்?"

"அது தெரியல."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மகளிடம், "ஒரு வாய் தண்ணி கொண்டா" என்றாள். போகும் காரியத்துக்குத் தடை வந்தால் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம், தோஷம் கழிந்துவிடும் என்பதும் எங்கள் வழக்கத்தில் உண்டு. குடித்தாள். டம்ளரை என் கையில் கொடுத்தாள். எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை நான் இரண்டு உதட்டையும் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து நாட்களைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. மைத்துனர் என்னைச் சீட்டாட வைத்தார் என்று சொல்கிறார். ஒரு முறை கீழ்வாசல் வரை போய்விட்டேனாம், அவர் கூப்பிட்டதும் திரும்பிவிட்டேனாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது மட்டும் எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஆறு கட்டில் போட்ட அறை. வாசலில் நின்று பார்த்தேன். எல்லாக் கட்டிலிலும் பச்சைப் போர்வை, எல்லாத் தலையும் நரைத்த தலை. முதல் கட்டிலுக்குப் போனேன், அது வேறு யாரோ. அடுத்ததற்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கூப்பிடவில்லை. நானாக வந்து சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததாகப் பிறகு சொன்னாள். நான் அவள் கட்டிலுக்கு வந்து, கட்டுப்போட்ட காலைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா?" என்றேன்.

"நாலு கட்டில் தாண்டி வர இவ்வளவு நேரமா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது நடக்கிறாள். முதலில் நான்கு கால் சட்டத்தைப் பிடித்து, பிறகு கைத்தடியோடு, இப்போது வீட்டுக்குள் எதுவும் இல்லாமல். போன மாதம் காட்டப் போனபோது, இடது முட்டியும் இதே நிலைமையில்தான் இருக்கிறது, ஆனால் அவசரமில்லை, ஒரு வருஷம் போகட்டும் என்றார் எலும்பு மருத்துவர்.

"வேணாம் டாக்டர், இப்பவே பண்ணிடுங்க" என்றாள்.

"என்னம்மா அவசரம்? எல்லாரும் ரெண்டாவதுன்னா ஓடுவாங்க."

அவள் கைத்தடியை ஊன்றி எழுந்துகொண்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் கேட்டேன், என்ன அவசரம் என்று.

"நீங்க பயப்படறப்பவே முடிச்சுடலாம்."

"பயம் குறையத்தானே அந்தப் பொண்ணுகிட்டப் போறோம்? குறைஞ்சா உனக்கு நல்லதுதானே?"

"பேசிப் பேசிக் குறைஞ்சா நல்லது" என்றாள். வண்டி பாடி மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது, காற்றில் அவள் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. "தானா ஒரு நாள் சுத்தமாப் போயிடுச்சுன்னா? அன்னைக்கு நான் எங்க போனாலும், எத்தன நாள் வராட்டியும், உங்களுக்கு ஒண்ணும் இருக்காதே."

அவள் புடவைத் தலைப்பைக் காற்றில் பறக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.